இராணுவம் கழித்த பெட்ஃபோர்ட் சேசியில் ஒரு மரக்கறி லொறி: இரண்டு வருடம் ஓட்டிய பிறகு

எங்கள் காணி நுவரெலியா மாவட்டத்தில், கந்தப்பளையிலிருந்து இராகலைக்குப் போகும் பாதைக்குக் கீழே, தேயிலை முடிந்து மரக்கறி தொடங்கும் சரிவில் இருக்கிறது. தார் ரோட்டிலிருந்து கீழ்த் தட்டு வரைக்கும் 1,300 மீட்டர் மண் பாதை. வழியில் இரண்டு முடக்கு, ஒரு ஓடை. வெயில் நாளில் லேண்ட் மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) பத்து மூட்டையோடு முனகிக்கொண்டு ஏறும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அதுவும் ஏறாது, தலைச்சுமைதான். 55 கிலோ கரட் மூட்டையை ஒரு ஆள் மேலே கொண்டுவந்து போட்டுவிட்டுத் திரும்பிக் கீழே போக முக்கால் மணித்தியாலம். மூட்டைக்கு 200 ரூபா கொடுத்தேன். காசைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 2022 மழைக்காலத்தில் எங்களிடம் நெடுநாள் வேலை செய்த ஒருவர் அந்தச் சேற்றில் மூட்டையோடு சறுக்கி விழுந்து முழங்கால் சில்லு விலகிப் படுத்துவிட்டார். அன்றைக்கு ராத்திரிதான் தம்பியிடம் சொன்னேன், இந்தப் பாதையில் ஏறி இறங்கும் லொறி ஒன்று இல்லாமல் அடுத்த கரட் போடமாட்டேன் என்று.

சொல்வது சுலபம். வாகன இறக்குமதியை 2020 மார்ச்சிலேயே நிறுத்தியிருந்தார்கள். 2025 தொடக்கத்தில்தான் மறுபடி முழுதாகத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் உள்ளே ஓடிக்கொண்டிருந்த பழைய லொறி எல்லாம் தங்க விலை. பல வருடம் ஓடித் தேய்ந்த இசுசு எல்ஃப் ஒன்றுக்கு என்னிடம் 72 இலட்சம் கேட்டார்கள். எல்ஃப் நல்ல லொறிதான், ஆனால் அந்த லொறியில் பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். எங்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் அது போகாது. போனால் திரும்பி வராது.

அப்பா தோட்டத்தில் 31 வருடம் கொழுந்து லொறி ஓட்டியவர். அவர் ஓட்டியதும் பெட்ஃபோர்ட்தான். நாங்கள் பேசுவதை அடுப்புப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "பண்டாரவளைப் பக்கம் மர ஆலையில ஒரு ஆர்எல் கிடக்குது. மரம் இழுத்த வண்டி. சேசி நல்லா இருந்தா வேற எதையும் பாக்காத" என்றார். அந்த ஒரு வார்த்தையில் தொடங்கியதுதான் இது. அந்தச் சேசியை, அதாவது லொறியின் அடிச்சட்டத்தைப் பற்றியும், அதில் லொறி கட்டித் தந்த கராஜைப் பற்றியும் எழுதுகிறேன். கராஜின் பெயரைப் போடவில்லை. கட்டித் தந்தவரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் எடுப்பார். பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

தெரியாதவர்களுக்கு: பெட்ஃபோர்ட் ஆர்எல் என்பது பிரித்தானிய இராணுவத்துக்காக 1953இல் வந்த மூன்று டன் ஃபோர் வீல் லொறி. வீல்பேஸ் 13 அடி. டிரைவர் எஞ்சினுக்குப் பக்கத்தில், முன் சக்கரத்துக்கு மேலே உட்காருவார். அதனால் மூக்கு இல்லை, முடக்கில் டயர் எங்கே போகிறது என்பது நேராகத் தெரியும். இங்கிலாந்தில் பச்சை நிறத்தில் தீயணைப்பு வண்டிகளாகப் பல வருடம் நின்றதும் இதே குடும்பத்து சேசிதான். எங்களுக்கு முக்கியமானது இன்னொன்று. பின்னால் இரட்டை டயர் இல்லை, ஒற்றை டயர். முன் டயர் போன தடத்திலேயே பின் டயரும் போகும். இரட்டை டயருக்கு நடுவில் கல் மாட்டிக்கொள்வது, களிமண் அடைந்து இரண்டும் ஒரே உருளையாகச் சுற்றுவது, இந்த இரண்டு தொல்லையும் இல்லை. மண் பாதையில் லொறி ஓட்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மர ஆலையில் போய்ப் பார்த்தோம். இராணுவம் கழித்தபோது ஆலைக்காரரின் மாமா டெண்டரில் எடுத்ததாம். எஞ்சின் இறுகிக் கிடந்தது. கெபின் தரைத் தகடு அரித்து ஓட்டை வழியாகப் புல் முளைத்திருந்தது. அப்பா அதையெல்லாம் பார்க்கவில்லை. வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு, சின்னச் சுத்தியலால் சேசி நெடுக ஒரு சாணுக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு மணி மாதிரிச் சொல்லும், அரித்த இடம் பொத்தென்று சொல்லும் என்றார். முக்கால் மணித்தியாலம் கழித்து எழுந்து வந்து, "எடுக்கலாம்மா" என்றார். எக்ஸல் இரண்டு, எஞ்சினின் இழுவையை அந்த இரண்டு எக்ஸலுக்கும் பிரித்துவிடும் டிரான்ஸ்ஃபர் பொக்ஸ், கெபின், பதிவுப் புத்தகம் எல்லாம் சேர்த்து 6 இலட்சத்து 50 ஆயிரம். 2023 பெப்ரவரி.

முதலில் வேறொரு கராஜில் கொடுத்தேன். அந்த மூன்று மாதம் வீணாகப் போனது. சேசியைச் சுத்தம் செய்து, பொடியின் (சாமான் ஏற்றும் மேல் தட்டின்) குறுக்குச் சட்டங்களைச் சேசியின் மேல் விளிம்போடு நேராக வெல்ட் பண்ணிவிட்டார்கள். பார்க்கப் பலமாகத்தான் இருந்தது. மேடு பள்ளத்தில் இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தபோது, கெபினுக்குப் பின்னால் முதல் வெல்ட்டின் ஓரத்தில் மயிர் போல ஒரு கோடு. அப்பா அதைத் துணியால் துடைத்துவிட்டு டீசல் தடவினார். கோடு டீசலை உறிஞ்சிக்கொண்டு கறுப்பாகத் தெரிந்தது. வெடிப்பு. கேட்டதற்கு, "அதுக்கு மேல ஒரு தகடு போட்டு வெல்ட் பண்ணிட்டா சரி" என்று பதில் வந்தது. நான் கணக்கை முடித்துக்கொண்டு வண்டியை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். 1 இலட்சத்து 20 ஆயிரம் போனது.

வெலிமடைக்கு அப்பால் இருக்கும் நானாவிடம் போனது ஒரு டிரெக்டர்காரர் சொல்லித்தான். ஐம்பது வயது தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். சேசியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். வெல்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "தங்கச்சி, இந்தச் சேசியில கண்ட எடத்துல நெருப்பு வைக்க ஏலா. இது முறுங்கிறதுக்குச் செஞ்ச சாமான்" என்றார். எனக்கு விளங்கவில்லை. பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, குச்சிகளைக் கொட்டிவிட்டு உள்கூட்டை மட்டும் இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிக் காட்டினார். மடிந்து கொடுத்தது. பிறகு அதை வெளிக்கூட்டுக்குள் தள்ளி மறுபடி முறுக்கினார். அசையவில்லை. இன்னும் அழுத்தியதும் ஓரம் கிழிந்தது. "வெறுஞ்சேசி இந்த உள்கூடு. ஒரு டயர் குழியில எறங்கினா இது முறுங்கி நாலு டயரையும் நெலத்துல வெச்சுக்கும். நீங்க மேல பொடிய ஒட்டிட்டா முறுங்க எடமில்ல. எங்கயாவது கிழியும்."

அப்படியானால் பொடியை எப்படி வைப்பது? அதைத்தான் அவர் ஏழு மாதம் எடுத்துச் செய்தார். மூன்று மாதம் என்று சொல்லியிருந்தார். நான்கு மாதம் பிந்தியது. அந்த நான்கு மாதமும் நான் வாடகை லொறிக்குக் கொடுத்த காசு எனக்குத்தான் தெரியும். இதை மறைத்துவிட்டு நல்லதை மட்டும் எழுத எனக்கு மனமில்லை. கேட்கும்போதெல்லாம் "இன்னும் பத்து நாள்" என்றே சொல்வார். முதலிலேயே ஏழு மாதம் என்றிருந்தால் நான் நடுகையை அதற்கேற்ப மாற்றியிருப்பேன்.

ஆனால் செய்த வேலையைப் பாருங்கள். முதலில் பழைய வெல்ட் எல்லாவற்றையும் அரைத்து எடுத்தார். வெடிப்பின் நுனி எங்கே முடிகிறது என்று பார்த்து, அது மேலே ஓடாமல் இருக்க அந்த நுனியில் சின்னத் துளை போட்டு, வெடிப்பைத் தோண்டி அடைத்து, உள்பக்கமாகத் தகடு வைத்து போல்ட் போட்டார். இவ்வளவு வேலைக்குப் பிறகுதான் பொடி. சேசியின் மேல் நெடுக இரண்டு கடின மரக் கட்டை. அதற்கு மேல் பொடியின் நெடுஞ்சட்டம், இரும்பில். பின்பக்கம் மட்டும் தகடுகள் வைத்து இறுக்கினார். அந்தத் தகடுகளும் சேசியின் நிமிர்ந்த பக்கத்தில், முன்னரே இருந்த துளைகளில்தான் போல்ட் ஆகியிருக்கின்றன. மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ ஒரு துளைகூட அவர் போடவில்லை. கெபினுக்குப் பின்னால், முன்பக்கம் இரண்டு மூலையிலும் நீளமான போல்ட், அதில் சுருள் ஸ்பிரிங். பொடி அங்கே சேசியின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஒட்டியிருக்கவில்லை.

வண்டி எடுக்கப் போன அன்று நானா வலது முன் சக்கரத்தை ஒரு மரத் துண்டின் மேல் ஏற்றி நிறுத்தச் சொன்னார். ஏற்றினேன். இறங்கி வந்து பார்த்தால் சேசி ஒரு பக்கம் முறுங்கி நிற்கிறது, மேலே பொடி தட்டையாக இருக்கிறது. ஒரு பக்கத்து ஸ்பிரிங் இறுகி, மரக் கட்டைக்கும் பொடிச் சட்டத்துக்கும் நடுவில் இடைவெளி. நானா அதே தீப்பெட்டியை எடுத்து அந்த இடைவெளியில் நிமிர்த்தி வைத்தார். நின்றது. துண்டிலிருந்து இறக்கியதும் இடைவெளி மூடிக்கொண்டது. இரண்டு வருடமாக நான் ஒவ்வொரு மாதமும் டோர்ச் அடித்து அந்தச் சேசியை நெடுகப் பார்க்கிறேன். இதுவரை ஒரு கோடு இல்லை.

எஞ்சின் விஷயம் சுருக்கமாகவே சொல்லலாம். பழையது 4.9 லீட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல். ஒரு லீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் போனால் பெரிய காரியம் என்பார் அப்பா. 2022இல் எண்ணெய் வரிசையில் நின்ற எவரும் அதைத் திரும்ப ஓட வைக்க நினைக்கமாட்டார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் இசுசு 4பீடி1 எஞ்சின் ஒன்றை அதன் கியர் பொக்ஸோடு எடுத்தோம், 7 இலட்சத்து 80 ஆயிரம். 3,856 சீசீ, நாலு சிலிண்டர் டீசல். கொம்பியூட்டர் இல்லை, டைமிங் பெல்ட் இல்லை, பல் சக்கரம்தான். எல்ஃப் ஓடும் ஊரெல்லாம் இதற்குச் சாமான் கிடைக்கும். ஆர்எல்லில் டிரான்ஸ்ஃபர் பொக்ஸ் கியர் பொக்ஸோடு ஒட்டியில்லாமல் தனியாகப் பின்னால் நிற்பதால், நடுவில் ஒரு குட்டை ஷாஃப்ட் அளவெடுத்துக் கட்டியதோடு இசுசு கியர் பொக்ஸ் அப்படியே பொருந்திவிட்டது. நாலு சிலிண்டர் நீளம் குறைவு என்பதால் கெபினுக்குள் இருக்கும் எஞ்சின் மூடியையும் மாற்ற வேண்டி வரவில்லை.

பிரேக்கைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும். இந்த மாதிரி வண்டி கட்ட நினைப்பவர்கள் முதலில் எஞ்சின் விலை கேட்கிறார்கள், பிறகு டயர் விலை கேட்கிறார்கள். பிரேக்கைக் கேட்பதே இல்லை. மலைநாட்டில் ஏறாத லொறி பின்னால் வந்து நிற்கும், அவ்வளவுதான். நிற்காத லொறி என்ன செய்யும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

பெட்ரோல் எஞ்சினில் காற்றை உள்ளே விடும் வழியை மூடித் திறப்பதால் உள்ளே வெக்யூம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுவை, தானாக உண்டாகும். பிரேக் மிதிக்குத் துணை செய்யும் பூஸ்டர் அந்த இழுவையில்தான் வேலை செய்கிறது. டீசலில் அந்த மூடி இல்லை, அதனால் வெக்யூமும் இல்லை. பெட்ரோலை எடுத்துவிட்டு டீசல் போடுபவர் வெக்யூமுக்குத் தனியாக வழி பண்ணாவிட்டால், பிரேக் மிதி கல் மாதிரி இருக்கும். எல்ஃப்பில் ஒல்டர்னேட்டரின் முதுகிலேயே வெக்யூம் பம்ப் இருக்கிறது. நானா அதையே பயன்படுத்தி, எல்ஃப்பின் பூஸ்டரைப் போட்டு, நடுவில் ஒரு சேமிப்புத் தாங்கி வைத்தார். எஞ்சின் நின்றாலும் இரண்டு மூன்று மிதிக்கு வெக்யூம் மிச்சம் இருக்கும். பிரேக் மாஸ்டர் சிலிண்டரை இரட்டை வழியாக மாற்றினார். முன் சக்கரத்துக் குழாய் வெடித்தாலும் பின் சக்கரம் பிடிக்கும். வீல் சிலிண்டர் எல்லாம் கடைந்து உள்ளே புது ஸ்லீவ், குழாய்கள் அத்தனையும் புதிது. கெபினில் ஒரு வெக்யூம் மீட்டரும், அளவு குறைந்தால் கத்தும் ஒரு பஸ்ஸரும் இருக்கின்றன. இதோடு எல்ஃப்பின் எக்ஸோஸ்ட் பிரேக்கையும் விடாமல் பொருத்தினார். புகைக் குழாயை மூடி எஞ்சினையே வண்டியைப் பிடித்துக்கொள்ள வைக்கும் வேலை அது. இறக்கத்தில் பிரேக் சூடாகாமல் இருப்பது இதனால்தான்.

எல்லாம் சேர்த்து பிரேக்குக்கு மட்டும் 3 இலட்சத்து 40 ஆயிரம். தம்பி முகம் சுளித்தான். அந்தக் காசில் ஒரு ரூபாகூடக் குறைக்கக் கூடாது என்று நான் நின்றேன், இன்றைக்கும் அதையே சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை. பம்ப் ஒல்டர்னேட்டரில் இருப்பதால் அதன் பெல்ட் அறுந்தால் சார்ஜும் போகும், பூஸ்டரும் போகும், எக்ஸோஸ்ட் பிரேக்கும் போகும். எக்ஸோஸ்ட் பிரேக்கும் வெக்யூமில்தான் வேலை செய்கிறது. அதனால் காலையில் தண்ணீர், ஒயில் பார்ப்பதற்கு முன்னால் நான் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்க்கிறேன். சீட்டுக்குப் பின்னால் புது பெல்ட் ஒன்று எப்போதும் தொங்கும்.

ஓட்டுவதற்கு எப்படி? எனக்குக் கனரக லைசன்ஸ் உண்டு, காணிக்குள்ளும் டவுன் வரைக்கும் நான்தான் ஓட்டுகிறேன். டிரான்ஸ்ஃபர் பொக்ஸின் ஹை-லோவில் லோவைப் போட்டு, முன் எக்ஸலையும் சேர்த்துவிட்டால், 45 மூட்டை கரட்டோடு, அதாவது ஏறக்குறைய இரண்டரை டன்னோடு, அந்த 1,300 மீட்டரை இரண்டாம் கியரில் ஏறுகிறது. டயர் சறுக்கும் இடத்தில்கூட ஆக்சிலேட்டரை அழுத்தத் தேவையில்லை. கால் வைத்தபடி இருந்தால் நிதானமாக நடந்து வரும். முதல் நாள் அப்படி ஏறி வந்தபோது, மேலே தார் ரோட்டில் நின்ற அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி வந்து டயரில் இருந்த சேற்றைக் கையால் வழித்துப் பார்த்துவிட்டு, "இறக்கத்தை நாளைக்குப் பாப்போம். ஏறுன கியர்லதான் இறங்கணும்மா, மறந்துறாத" என்றார்.

தார் ரோட்டுக்கு வந்ததும் லீவரை இழுத்து முன் எக்ஸலின் இணைப்பை விடுவித்துவிட வேண்டும். முடக்கில் முன் டயரும் பின் டயரும் ஒரே தூரம் ஓடுவதில்லை. மண்ணில் டயர் கொஞ்சம் சறுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். தாரில் சறுக்க இடமில்லாமல் ஷாஃப்ட்டும் கியரும் முறுக்கேறி நிற்கும். லீவரும் வெளியே வராது. ஒரு தடவை தம்பி மறந்துபோய் இராகலை வரை ஓட்டிவிட்டு, லீவர் வராமல் ரோட்டில் நின்றான். கொஞ்சம் பின்னால் எடுத்ததும் முறுக்கு விட்டுப்போய் லீவர் வந்துவிட்டது. ஹை-லோ மாற்ற வண்டியை முழுதாக நிறுத்த வேண்டும், அதிலும் அவசரப்படக் கூடாது.

குறைகளையும் சொல்கிறேன். ஸ்டியரிங் கனம். பவர் ஸ்டியரிங் போடலாம் என்று நானா சொன்னார், காசு போதாமல் வேண்டாம் என்றேன். அந்த இடத்தில் நான் எடுத்த முடிவு தவறு. இரண்டாம் முடக்கில் ஒரே திருப்பில் வராது, ஒருமுறை பின்னால் எடுக்க வேண்டும். பாரத்தோடு அதைச் செய்தால் இரவில் தோள் வலிக்கிறது. நிற்க வைத்துத் திருப்பாமல் உருளும்போதே திருப்பினால் பாதி பாரம் குறையும், ஆனாலும் கனம் கனம்தான். கெபினுக்குள் சத்தம் அதிகம், பக்கத்தில் இருப்பவரோடு உரக்கத்தான் பேச வேண்டும். எஞ்சின் சூடு காலடிக்கு வரும். தை, மாசியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும் விடியலில் அந்தச் சூடு எனக்கு வரம். பகல் வெயிலில் வெலிமடைப் பக்கம் இறங்கினால் கஷ்டம். காலி வண்டி நன்றாகக் குலுக்கும், முட்டை ஏற்ற முடியாது.

ஹேண்ட் பிரேக்தான் இந்த வண்டியில் எனக்கு உண்மையான மனக்குறை. தட்டையான இடத்தில் பிடிக்கிறது. பாரத்தோடு சரிவில் நிறுத்தினால் மெதுவாக நழுவுகிறது. இரண்டு தடவை நானாவிடம் கொண்டுபோய் இறுக்கினோம், இரண்டு மாதத்தில் பழையபடி. அதனால் கிளீனர் பொடியன் கட்டை இல்லாமல் வண்டியில் ஏறக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறேன். டர்பன்டைன் மரத்தில் ஆப்பு மாதிரி வெட்டிய இரண்டு கட்டை, கயிற்றோடு. நான் நிறுத்துவதற்கு முன்னாலேயே அவன் குதித்துப் பின் டயருக்கு வைத்துவிடுவான். ஆனாலும் இது ஹேண்ட் பிரேக் செய்ய வேண்டிய வேலை, பையன் செய்ய வேண்டிய வேலை இல்லை. நானாவிடம் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

டயர் அளவு 11.00-20. ஐந்து டயர் எடுத்தோம், 4 இலட்சத்து 10 ஆயிரம். ரிம் விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். பழைய இராணுவ லொறிகள் பலவற்றில் ரிம் இரண்டு துண்டாகக் கழலும். சக்கரத்தை வண்டியோடு பிடிக்கும் நட் வேறு, ரிம்மின் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடிக்கும் நட் வேறு. காற்று இருக்கும்போது இரண்டாவதைக் கழற்றினால் ரிம் குண்டு மாதிரி வெடிக்கும், பக்கத்தில் நிற்பவர் பிழைக்கமாட்டார். பஞ்சர் கடைக்காரருக்கு இது தெரியும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ரிம் இரு துண்டு இல்லை என்று உறுதிப்படுத்திய பிறகுதான் நான் டயருக்குக் காசு கட்டினேன்.

புத்தக வேலையை முதலில் பாருங்கள், கடைசியில் பார்க்காதீர்கள். சேசியில் குத்தியிருக்கும் இலக்கமும் புத்தகத்தில் இருக்கும் இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். எஞ்சின் மாறினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் இலக்கத்தையும், பெட்ரோல் டீசலானதையும் பதிய வேண்டும். பிறகு புகைப் பரிசோதனை, தகுதிச் சான்றிதழ், வருட வரி. எல்லாம் முடிய எனக்கு ஆறு வாரம் பிடித்தது. புத்தகமில்லாத சேசியைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றால் நடையைக் கட்டுங்கள்.

பொடியைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று பக்கமும் பலகை கீழே இறங்கும். தரை டர்பன்டைன் பலகை, பலகைக்குப் பலகை விரல் நுழையாத சின்ன இடைவெளி விட்டு. கரட் கழுவி ஏற்றினால் தண்ணீர் வடிந்துவிடும், கோழி எரு கொட்டினாலும் கழுவிவிடலாம். இந்தக் கோழி எரு விஷயம் சின்னதில்லை. 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தியபோது பட்ட அடிக்குப் பிறகு நாங்கள் எருவைக் கூட்டிவிட்டோம். முன்பெல்லாம் எரு லொறி தார் ரோட்டில் கொட்டிவிட்டுப் போகும், அங்கிருந்து கீழே சுமப்பதற்கே நாலு நாள். இப்போது மேலிருந்து எருவோடு இறங்குகிறது, கீழிருந்து லீக்ஸோ கோவாவோ ஏற்றிக்கொண்டு வருகிறது. ஒரு நடைகூடக் காலி ஓட்டம் இல்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது எங்கள் பக்கம் தார் ரோடு இரண்டு இடத்தில் மண் சரிந்து மூடிவிட்டது. கீழ்த் தட்டில் பாதி லீக்ஸ் ஓடையோடு போய்விட்டது, அதை எழுத இன்னும் கை வரவில்லை. லயத்து ஆட்கள் பாடசாலையில் தங்கியிருந்தார்கள். டவுன் கடையிலிருந்து அரிசி, பருப்பு, பால் மா எல்லாவற்றையும் தோட்டத்து மேல் பாதை வழியாக நானும் தம்பியும் இந்த லொறியில்தான் கொண்டுபோனோம். ஓடையில் தண்ணீர் முட்டளவுக்கு மேல் வந்தது. எஞ்சின் உயரத்தில் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தண்ணீரை விட்டு ஏறியதும் முதல் மிதிக்கு பிரேக் பிடிக்கவில்லை. டிரம்முக்குள் தண்ணீர். மிதியை லேசாக அழுத்தியபடி லோ கியரில் கொஞ்ச தூரம் ஓட்டினால் சூட்டில் காய்ந்துவிடும் என்று அப்பா முன்னரே சொல்லி வைத்திருந்தார். காய்ந்தது. அதற்குப் பிறகுதான் இறக்கத்தில் இறங்கினேன். நாலு நாளில் பதினொரு நடை.

மொத்தச் செலவு 35 இலட்சம், முதல் கராஜில் போனது சேராமல். ரோட்டில் ஒரு லீட்டர் டீசலுக்கு ஐந்து கிலோமீட்டர் தருகிறது, காணிக்குள் அதில் பாதி. தம்புள்ளைக்கோ பேலியகொடைக்கோ மரக்கறி கொண்டுபோக இதை நான் சொல்லமாட்டேன். 50க்கு மேல் நான் ஓட்டுவதில்லை, அந்தத் தூரத்துக்கு டீசலும் கட்டாது. மேலே ரோட்டில் வியாபாரியின் லொறி வந்து எடுத்துக்கொள்கிறது. தார் ரோட்டு ஓரத்திலேயே காணி இருப்பவர்களுக்கு இது தேவையே இல்லை. எங்களைப் போல ரோட்டுக்குக் கீழே ஆழத்தில் காணி வைத்துக்கொண்டு, மழை வந்தால் மூட்டையை ஆள் முதுகில் ஏற்றுபவர்கள் ஒருமுறை யோசிக்கலாம்.

நானாவிடம் கொடுப்பதாக இருந்தால் அவர் சொல்லும் மாதத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள், முற்பணத்தை வேலைக்கு வேலை பிரித்துக் கொடுங்கள். சேசிக்கும் பிரேக்குக்கும் அவர் கையை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். வயரிங்குக்கு வேறு ஆள் பிடியுங்கள், எங்களுக்கு முதல் வருடமே இரண்டு தடவை பின் லைட் போனது.

வரும் சித்திரைக்குப் பிறகு வண்டி மறுபடி அவரிடம் போகிறது, பவர் ஸ்டியரிங்குக்கும் ஹேண்ட் பிரேக்குக்கும். மூன்று வாரம் என்றார். ஆறு வாரத்துக்கு லேண்ட் மாஸ்டர் பேசி வைத்திருக்கிறேன்.